பட்டைக்காரம்மா

என் சித்தி பயந்தவள். குறையாகச் சொல்லவில்லை. உயரம், நிறம் என்று சொல்வதைப் போலத்தான் சொல்கிறேன். லிஃப்டில் ஏறமாட்டாள். ஐந்தாவது மாடிக்குக் காய்கறிப் பையோடு படியேறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்குவாள். "லிஃப்ட் ஓடலையா?" என்று கேட்கும் சித்தப்பாவை முறைப்பாள். அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு விசில் வரும்வரை பக்கத்து அறையில் போய் நிற்பாள். கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில், பஸ் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு இறங்கி வீட்டுக்கு ஓடி வந்ததும் உண்டு. மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும்.

கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அதனால் இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி சித்தி துண்டு துண்டாகச் சொன்னது. கொஞ்சம், பிற்பாடு ஒரு தடவை வீட்டுக்கு வந்த அந்தத் தலைமை நர்ஸ் சொன்னது.

சித்தி வேலை பார்த்தது மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில். கடைசிச் சோதனைப் பிரிவு, பதினெட்டு வருஷமாக ஒரே நாற்காலி. பெட்டிக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் அவள் மேசைக்கு வரும். மணிக்கட்டில் கட்டும் பட்டை என்றால் தன் கையிலேயே கட்டிப் பார்ப்பாள். நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்ஸிஜன், மூச்சு மூன்றும் சுவரோரம் இருக்கும் பெரிய கருவி காட்டுவதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் கழற்றி இன்னொரு தடவை கட்டுவாள். மற்றவர்கள் நாளைக்கு எண்பது முடித்தால் இவள் ஐம்பதுதான் முடிப்பாள்.

"உங்களுக்கு இருக்கறது பயமாம்மா, சந்தேகமா?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டாராம்.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றிருக்கிறாள் சித்தி.

எல்லையில் சண்டை தொடங்கி நாலாவது மாதம், அந்தப் பட்டைகளில் முந்நூறு ராணுவத்துக்குப் போயிற்று. விஷயம் இதுதான். அடிபட்டவர்கள் ஒரே நேரத்தில் நாற்பது பேர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது? ஒரு நர்ஸ் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனால், நாற்பதாவது ஆளுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் ஆளின் நிலை மாறியிருக்கும். பட்டை கட்டிவிட்டால் நாற்பது பேரின் கணக்கும் ஒரே திரையில் ஓடும். உள்ளே இருக்கும் புரோகிராம் எண்களைப் பார்த்து ஆளுக்கு ஒரு நிறம் கொடுக்கும். உடனே கத்தி வைக்க வேண்டியவருக்குச் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள். எழுந்து நடப்பவருக்குப் பச்சை. கறுப்பு வந்துவிட்டால் அவரைக் கடந்து அடுத்தவரிடம் போக வேண்டும்.

இதைப் போர்முனைக்குக் கொண்டுபோய் நிறுவ, செய்த இன்ஜினியரே கிளம்பினார். இரண்டு முகாம்களுக்கு ஒரு ஆள்தான். இரண்டாவது முகாமுக்குப் பத்து நாள் யாராவது போக முடியுமா என்று மேலாளர் கேட்டபோது, அறையில் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்களாம். சித்தி கையைத் தூக்கியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நீயா?" என்றார் சித்தப்பா. அவர் தையல்காரர். வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுத்தான் கேட்டார். "கரப்பான் வந்தா கதவைத் தொறந்து போட்டுட்டு ஓடறவ நீ. அங்க குண்டு போடறாங்கடி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"முந்நூறுலயும் என் கையெழுத்து இருக்குங்க. அங்க ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா? இங்க உக்காந்து தினம் பயப்படறதுக்கு, அங்கயே போயி பயந்துடலாம்."

அன்று ராத்திரி முழுக்கச் சித்தப்பா பேசிக்கொண்டே இருந்தார். சோப்பு எடுத்தியா, சாக்ஸ் எடுத்தியா, ஃபோன் சிக்னல் இருக்குமா, இல்லைன்னா எப்படித் தெரியும் என்று. தெரியும் என்றால் எது தெரியும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முகாம் என்று பெயர்தான். அது ஒரு பஸ் டிப்போ. சண்டை நடக்கும் இடத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர். தகரக் கூரை போட்ட நீளமான பணிமனை. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டு, பஸ் நிறுத்தக் கோடு கிழித்திருந்தது. இப்போது அந்தக் கோடுகளுக்குள் ஸ்ட்ரெச்சர்கள். பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழிகளைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். ஓட்டுநர்களின் ஓய்வறையில் மட்டும் டைல்ஸ் பதித்திருந்ததால் அதுதான் ஆபரேஷன் அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் டீசல் வாசனையும் டெட்டால் வாசனையும் கலந்து வரும். பணிமனையின் கடைசியில், பஸ் கழுவும் இடத்தை நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் என்ன என்று சித்தி முதல் நாளே கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே தகரம் முழுக்க அதிர்ந்தது. சித்தி மேசைக்கு அடியில் போய்விட்டாள். இரண்டு கால்கள் வந்து நின்றன. பிறகு ஒரு முகம் குனிந்தது. ஐம்பது வயது, நரைத்த மீசை. அவர்தான் தலைமை நர்ஸ்.

"எழுந்து வாங்கம்மா. அது நம்மளுது. போற குண்டு. வர்ற குண்டு வேற மாதிரி கேக்கும்."

"எப்படிக் கேக்கும்?"

"கேட்டா உங்களுக்கே தெரியும்."

இது அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது.

அவர் இருபத்திரண்டு வருஷமாக அடிபட்டவர்களைத் தரம் பிரிப்பவர். உதட்டைப் பார்ப்பார், நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார், "பேர் என்ன தம்பி?" என்று கேட்பார். அரை நிமிஷம், அவ்வளவுதான். பட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாட்ச்சு மாதிரி இருக்கு, மணி காட்டுமா?" என்று கேட்டார். அன்றைக்கே சித்திக்குப் பட்டைக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்.

"சார், அப்படிக் கூப்பிடாதீங்க. பட்டைச் சாராயம் விக்கிறவன்னு நெனச்சுக்குவாங்க."

"வித்தா இங்க நல்லாத்தான் ஓடும்," என்றார்.

பெயர் நிலைத்துவிட்டது. ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள், டாக்டர் எல்லோருக்கும் அவள் பட்டைக்காரம்மாதான். டாக்டர் ஒரு பெண். சித்தியைவிட வயதில் சின்னவள். கத்தியை வைத்தபிறகுதான் நிதானம் வரும், மற்ற நேரமெல்லாம் எரிச்சலாகவே இருப்பாள் என்று சித்தி சொல்வாள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் தானே நடந்து வந்தான். தோளில் சிராய்ப்பு. தண்ணீர் கேட்டான், பக்கத்தில் படுத்திருந்தவனைக் கிண்டல் செய்தான். தலைமை நர்ஸ் நகத்தை அழுத்திப் பார்த்து, பச்சை என்று சுவரோரம் உட்கார வைத்தார். திரையும் பச்சை என்றுதான் காட்டியது. சித்தி மேசையில் உட்கார்ந்து வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய துடிப்பு தொண்ணூற்றாறு. ஐந்து நிமிஷத்தில் நூற்றெட்டு. பிறகு நூற்றிருபது. மூச்சும் கூடிக்கொண்டே போனது. நிறம் மஞ்சளானது. அவனோ இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

சித்தி திரையைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமை நர்ஸிடம் போய் நின்றாள்.

"சார், அந்த சுவரோரம் இருக்கற தம்பி..."

"அவனுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கான். உங்க வாட்ச்சு ஓவரா பேசுதும்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையில் இருந்த திரையில் அந்த வரி சிவப்பானது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பேச்சு பாதியில் நின்றிருந்தது. முகம் சுண்ணாம்பு. வெடியின் அதிர்ச்சியில் வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து, உள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒன்றரை மணி நேரம் போராடி அவனை மீட்டாள்.

வெளியே வந்த டாக்டர், ரத்தக் கையுறையோடு சித்தியின் மேசைக்கு நேராக வந்தாள். "பத்து நிமிஷம் தாமதமாயிருந்தா போயிருப்பான்," என்றாள். தலைமை நர்ஸ் சித்திக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் பட்டையை நம்பினார்கள்.

சித்தியின் பயம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. குண்டு பயம் பழகிவிட்டது என்றில்லை. வருகிற குண்டின் சத்தத்தை இதற்குள் இரண்டு தடவை கேட்டிருந்தாள், தலைமை நர்ஸ் சொன்னபடி கேட்டதும் தெரிந்தது. இது வேறு மாதிரி. ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்கள் படுத்திருப்பவனின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "என்ன நிறம்மா?" அவள் சொல்வாள், அவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். மஞ்சள் என்றால் நான்காம் கோடு. கறுப்பு என்றால் தார்ப்பாய். கறுப்பிடம் நின்று நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டாள். ஓர் அவசர நாளில் அது நியாயமான பேச்சுதான்.

பெண்கள் தூங்குவதற்கு முற்றத்தில் இன்ஜின் இல்லாத ஒரு பழைய பஸ் நின்றது. சித்தி அதன் கடைசி சீட்டில் படுத்துக்கொள்வாள். விடியற்காலையில் எழுந்ததும், பயன்படுத்தாத பட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் கையில் கட்டிப் பார்ப்பாள். எல்லாம் சரியாகத்தான் காட்டின. "அதான் பயமா இருந்தது. தப்பு இருந்து எனக்குத் தெரியாம இருக்கோ, தப்பே இல்லையோ, எது?" என்பாள்.

ஆறாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, வீரர்களை ஏற்றி வந்த லாரி வரிசைமேல் அடி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு கோடுகளும் நிறைந்து, குழி மூடிய பலகைகளின் மேலும் ஸ்ட்ரெச்சர்கள். பட்டை கட்டு, நிறம் கேள், தூக்கு. சித்தி கத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, பச்சை. தொண்டை கட்டிப்போயிற்று. நூற்றுப் பதினேழாம் எண் பட்டையில் துடிப்பு இல்லை, ஆக்ஸிஜன் இல்லை, மூச்சு இல்லை. கறுப்பு. அவள்தான் சொன்னாள், "கறுப்பு" என்று. தூக்கிக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தபோது அவள் திரையில் வரிகளைக் கீழே நகர்த்திப் பார்த்தாள். பட்டையில் இன்னொரு சின்ன சென்சார் உண்டு, கை அசைகிறதா என்று பார்ப்பது. நடக்கிறவனைப் பச்சையில் போடுவதற்காக வைத்தது. கறுப்பு விழுந்த வரியில் அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை. நூற்றுப் பதினேழின் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு துள்ளியது. நின்றது. மறுபடி துள்ளியது.

தரை அதிர்வதால் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியானால் தார்ப்பாய்க்குப் பின்னால் இருக்கும் நூற்றிரண்டும் அதிர வேண்டும். அதுவும் கறுப்புதான். அதன் கோடு செத்த கோடு.

"சார்!" என்றாள். தலைமை நர்ஸ் இரண்டு கையாலும் ஒருவன் தொடையை அழுத்திக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. டாக்டர் உள்ளே. கை சும்மா இருந்தவர் வேறு யாரும் இல்லை.

சித்தி தன் அப்பா இறந்தபோதுகூட உடல் இருந்த அறைக்குள் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்று அழுதவள். அந்த நீலத் தார்ப்பாய்க்கும் அவள் மேசைக்கும் நடுவே அறுபது அடி. பாதி வழியில் வருகிற குண்டின் சத்தம் கேட்டது. எல்லோரும் குனிந்தார்கள். இவளும் குனிந்தாள், அப்படியே குனிந்தபடி நடந்தாள். "ஓடியிருக்கலாம்ல?" என்று நான் கேட்டேன். "நடந்ததே பெருசு," என்றாள்.

தார்ப்பாயை விலக்கினாள். ஈரத் தரை. ஐந்து பேர் வரிசையாக. எண்ணைத் தேடினாள். நூற்றுப் பதினேழு கடைசியில் இருந்தான். முகம் முழுக்க மண்ணும் ரத்தமும். தடித்த சட்டை. அவன் மார்பைப் பார்த்தாள். அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அசைந்தது.

இடது கையைப் பிடித்தாள். பட்டை சரியாகத்தான் கட்டியிருந்தது. மேலே தடவிக்கொண்டே போனாள். தோளுக்குக் கீழே, சட்டைக்கு அடியில், கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. இறுக்குக் கட்டு. கையில் அடிபட்டால் ரத்தம் நிற்பதற்காக மேல்கையில் முறுக்கி இறுக்குவது. யாரோ நண்பன் கட்டியிருக்க வேண்டும். அதன்மேல் சட்டை இறங்கி மூடிவிட்டது. அந்தக் கட்டுக்குக் கீழே ரத்தமே ஓடாது. ரத்தம் ஓடாத மணிக்கட்டில் பட்டை எந்தத் துடிப்பைக் கண்டுபிடிக்கும்? மூச்சையும் அது துடிப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. துடிப்பில்லை என்றால் மூச்சும் இல்லை. பட்டை பொய் சொல்லவில்லை. அந்தக் கைக்கு அது உண்மைதான்.

பட்டையைக் கழற்றி வலது கையில் கட்டினாள். எண் வருவதற்குப் பதினோரு வினாடி ஆகும். அது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், பதினெட்டு வருஷமாக எண்ணியவள். அந்தப் பதினொன்றை எண்ணி முடிக்க முடியவில்லை என்பாள். நூற்று முப்பத்து நான்கு என்று வந்தது. சிவப்பு.

"சிவப்பு! இங்க சிவப்பு! கழுவற எடத்துல உயிரோட ஒருத்தர் இருக்கார்!"

அந்தச் சத்தம் தன்னுடையது என்றே தெரியவில்லையாம். தலைமை நர்ஸ் ஓடி வந்தார். தார்ப்பாயை அப்படியே பிய்த்து எறிந்தார். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் அவன் இடது கையை வெட்டி எடுத்தாள், உயிரைக் காப்பாற்றினாள்.

சித்திக்கு எல்லோரும் கை கொடுத்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"முன்னாடி போனவங்க?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. தலைமை நர்ஸுக்குப் புரிந்தது. அவர் முகம் மாறியதைச் சித்தி பார்த்தாள்.

மறுநாள் காலை, கூட்டம் குறைந்ததும், இருவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ஆறு நாளில் பட்டை கட்டிப் பத்து பேர் கறுப்பாகப் போயிருந்தார்கள். எல்லாப் பதிவும் திரையில் இருந்தது. ஒவ்வொன்றாக அசைவுக் கட்டத்தைப் பார்த்தார்கள். செத்த கோடு. செத்த கோடு. நாலாம் நாள், எண்பத்தாறாம் எண். துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, கறுப்பு. அசைவு ஏழு நிமிஷம். அதன்பிறகு ஒன்றுமில்லை.

"பக்கத்துல நின்ன லாரி குலுக்கலா இருக்கலாம்," என்றார் தலைமை நர்ஸ்.

"இருக்கலாம்."

"தூக்கிட்டு வரும்போது..."

"இருக்கலாம் சார். அவர் கையில இறுக்குக் கட்டு இருந்ததா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு இருபத்தாறு பேர். உடல் ஊருக்குப் போய்விட்டது. எழுதி வைத்த தாளில் அந்தக் கட்டம் காலி.

"கட்டினது என் கைதான்மா," என்றார் அவர். "உதட்டைப் பாத்திருக்கணும். இருபத்திரண்டு வருஷமா பாத்தவன். அன்னைக்கு மட்டும் பாக்கல."

"பெட்டிக்குள்ள ஒரு சீட்டு வெச்சு அனுப்பறோம்ல, 'இடது மணிக்கட்டில் கட்டவும்'னு," என்றாள் சித்தி. "அதை நான் ஆயிரம் தடவை படிச்சிருக்கேன். ஒரு தடவைகூட, அந்தக் கை நல்லா இல்லைன்னா என்ன பண்றதுன்னு தோணல. எல்லாத்துக்கும் பயந்தேன். இதுக்குப் பயப்படல."

டாக்டரிடம் போய்ச் சொன்னார்கள். டாக்டர் கொஞ்ச நேரம் கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "இன்னொரு தடவை நடக்கக் கூடாது. என்ன வேணும்?" என்றாள்.

சித்தி ராணுவ லைனில் இன்ஜினியரைப் பிடித்தாள். மற்ற முகாமில் இருந்த அவர் தூங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"கறுப்பை எடுத்துடுங்க சார்."

"மேடம், நாலு நிறம் இருக்கணும்ங்கறது அவங்க விதி. நான் எப்படி எடுக்க முடியும்?"

"அப்ப மெஷின் அதைச் சொல்லக் கூடாது. மனுஷன்தான் சொல்லணும். மெஷினுக்குத் துடிப்பு கிடைக்கலைன்னா 'போய்ப் பார்'னு மட்டும் சொல்லட்டும்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "இங்கயும் பதினாலு பேர் கறுப்புல போயிருக்காங்க," என்றார். குரல் கீழே போயிருந்தது. "பதிவைப் பாக்கறேன்."

புரோகிராம் மாறுவதற்கு மூன்று நாள் ஆனது. அதுவரை சித்தி ஒரு மார்க்கரை எடுத்து, புதிதாகக் கட்டிய தார்ப்பாயில் ஓர் அடி உயர எழுத்தில் எழுதி வைத்தாள்: மறு கையைப் பிடி. தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று ஸ்ட்ரெச்சரை இறக்கி, மறு கையைப் பிடித்துப் பார்த்தார்கள். நேரம் ஆகத்தான் செய்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. அதன்பிறகு அந்த முகாமில் பட்டை தவறவிட்ட ஆள் இன்னொருவர் இல்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதுவரை அவளால் சொல்ல முடியும்.

பத்து நாள் என்று போனவள் முப்பத்தோராம் நாள் திரும்பி வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். பாதியாகியிருந்தாள். சித்தப்பா அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பவர் போலப் பார்த்தார். "தைக்க வேண்டியது எதுவும் இல்லையே?" என்றார். அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

வேலைக்குத் திரும்பினாள். பெட்டிக்குள் போகும் சீட்டு மாறியது. அடிபடாத கையில், இறுக்குக் கட்டு இல்லாத கையில் கட்டவும் என்று. சோதனைப் பிரிவில் அவள் மேசையில் இப்போது ஒரு ரப்பர்ப் பட்டையும் இருக்கிறது. தன் மேல்கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விரல் நீலமாகும்வரை, பட்டை என்ன காட்டுகிறது என்று பார்ப்பாள். மேலாளர் பதறினாலும் விடமாட்டாள். நாளைக்கு ஐம்பது முப்பதானது.

எண்பத்தாறு அவளை விடவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "ஏழு நிமிஷம்" என்பாள். நாங்கள் கேட்காதது போல இருப்போம்.

தலைமை நர்ஸ் விடுப்பில் வந்தபோது அந்த ஆளின் பெயரையும் ஊரையும் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாதுதான். சித்தியோடு சித்தப்பாவும் நானும் போனோம். அவனுக்கு ஒரே ஒரு அக்கா. துணி தேய்க்கும் கடை வைத்திருந்தாள். தெருமுனையில் ஒற்றை அறை, நடுவில் நீள மேசை, இஸ்திரிப் பெட்டி, நீராவி. சித்தப்பா வெளியே நின்றுகொண்டார். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்த இடம் இரண்டு நாள் வலித்தது.

தான் யார் என்று சொன்னாள். பட்டையைப் பற்றிச் சொன்னாள். இடது கை, இறுக்குக் கட்டு, ஏழு நிமிஷம், லாரிக் குலுக்கலாகவும் இருக்கலாம், எதுவும் சொல்லாமல் விடவில்லை. அந்த அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப உயிரோட இருந்தானா?"

"தெரியலம்மா. சத்தியமா தெரியல. இருந்திருக்கலாம்."

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"ஆமா."

"இத்தனை நாள் உடனே போயிட்டான்னு நெனச்சிட்டிருந்தேன். அப்படித்தான் எழுதியிருந்தாங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் என்று எனக்கு இருந்தது. "ஏன் வந்து சொன்னீங்க?"

சித்தி என் மணிக்கட்டை விட்டாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்க பயமா இருந்தது," என்றாள்.

அந்த அக்கா மேசையிலிருந்த சட்டையை எடுத்தாள். கைப்பகுதியை விரித்து வைத்தாள். தேய்க்கவில்லை.

"அதுக்கப்புறம் ஒருத்தரைக் கண்டுபிடிச்சேன்னு சொன்னீங்களே. அவர் பொழச்சுட்டாரா?"

"பொழச்சுட்டார். ஒரு கை இல்ல."

"அவர் பேர் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எனக்குச் சொல்லாதீங்க."

பிறகு ஒரு ஸ்டூலைக் காலால் சித்தி பக்கம் தள்ளினாள். சித்தி உட்கார்ந்தாள். அந்த அக்கா தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு கூடைத் துணி முடியும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். நடுவில் ஒரு வாடிக்கையாளர் வந்து துணி வாங்கிக்கொண்டு, எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். கிளம்பும்போது அந்த அக்கா சித்தியைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் சொன்னாள், "பாத்து கூட்டிட்டுப் போம்மா" என்று.

திரும்பி வரும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சித்தப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் வாங்கும்போது பஸ் குலுங்கி, பாதி மடியில் கொட்டியது. அவர் கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் விரித்துப் போட்டார். அது ஊறிக்கொண்டிருந்தது.